தேதி இல்லாத இன்லேண்ட் லெட்டர்கள்: ஆண்டைக் கண்டுபிடிப்பது எப்படி?

மறைந்த தமிழ் எழுத்தாளர் ஒருவருக்கு வந்த இன்லேண்ட் லெட்டர்கள் (விலை அச்சிட்ட, மடித்து ஒட்டும் நீல அஞ்சல் தாள்கள்), குடும்பத்தார் கொடுத்தபடியே நூலகத்தில் ஒரே பெட்டியில் கலந்து கிடக்கின்றன. பட்டியலில் "கடிதங்கள் – பலர்" என்ற ஒரு வரிதான். பாதிக்கு மேல் தேதியே இல்லை. "செவ்வாய் இரவு" என்று எழுதி முடித்துவிட்டார்கள்! அஞ்சல் முத்திரை நீலத்தாளில் மங்கி, ஊர்ப்பெயர் மட்டும் அரைகுறையாகத் தெரிகிறது.

பார்த்தவை: விலையில் "நயா பைசா" இருந்தால் 1957–64. முகவரியில் பின்கோடு கட்டங்கள் இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. சிக்கல் இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில்தான். லெட்டர்ஹெட்டில் "மதராஸ் மாநிலம்" இருப்பதை நம்ப முடியாது, 1969-க்குப் பிறகும் பழைய தாள் தீரும்வரை எழுதியிருப்பார்கள். "ஆவணி 7, வியாழன்" போலத் தமிழ்த் தேதியும் கிழமையும் உள்ளவற்றைப் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டேன். ஒன்றிரண்டு ஆண்டுகள் மிஞ்சுகின்றன. ஆனால் பஞ்சாங்கம் கணிக்கும் இரு முறைகளான வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் மாதப்பிறப்பு சில சமயம் ஒருநாள் தள்ளிப்போகும். எழுதியவர் வீட்டில் எது தொங்கியதோ!

பக்கவாட்டில் வெளிச்சம் விழவைத்து முத்திரையைச் செல்போனில் படமெடுத்து, படத்தின் சிவப்பு சேனலை (சிவப்பு நிறக் கூறை) மட்டும் பிரித்தால் நீலத்தாள் கருத்துப்போகிறது. நீலச் சேனலில்தான் கறுப்பு மை ஓரளவு எழுகிறது. அதிலும் ஆண்டு இலக்கம் சிக்கவில்லை. ஃபிளாஷுக்கும் புறஊதா விளக்குக்கும் அனுமதி இல்லை.

இன்லேண்ட் லெட்டரில் அச்சான அஞ்சல்தலை வடிவமும் விலையும் எந்தெந்த மாதம் மாறின என்று 1964–72-க்குப் பட்டியலிடும் கேட்டலாக் எது?