அந்தப் பத்து நிமிடத்தைத் தாண்டாதீர்கள்

முதல் ஆல்பத்திலேயே மிரட்டிய பேண்ட் என்றால் நான் இங்கிலாந்து ராக் பேண்டான கிங் கிரிம்சனைத்தான் சொல்வேன். 'இன் தி கோர்ட் ஆஃப் தி கிரிம்சன் கிங்', 1969 அக்டோபரில் வந்தது. ஐந்தே பாட்டு, முக்கால் மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைவு. ஆனால் எனக்கு அது முழுசாகப் பிடிபட ஏழெட்டு வருடம் ஆனது. காரணம் நான்காவது பாட்டு.

கல்லூரியில் படிக்கும்போது ஹெட்ஃபோனில் கேட்டேன். முதல் பாட்டு 'ஸ்கிசாய்ட் மேன்' ஆளைத் தூக்கிப் போட்டது. கிரெக் லேக்கின் குரலை வேண்டுமென்றே சிதைத்திருப்பார்கள், கிழிந்த ஸ்பீக்கரில் யாரோ கத்துவது மாதிரி. நடுவில் கிட்டார், சாக்ஸ், பேஸ், டிரம் நாலும் தலைதெறிக்க ஓடி, ஒரே இடத்தில் சட்டென்று நின்று, மறுபடி ஓடும். 'எபிடாஃப்' வந்தபோது அழாத குறை. அப்புறம் 'மூன்சைல்ட்'. முதல் இரண்டரை நிமிடம் தாலாட்டு. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை! எங்கோ ஒரு கிட்டார் தந்தி, எங்கோ சிம்பலை லேசாகத் தொடும் சத்தம். ஹெட்ஃபோன் வயர்தான் போய்விட்டது என்று ஜாக்கை ஆட்டிப் பார்த்தேன். கிட்டத்தட்ட பத்து நிமிடம் இப்படியே போகும் என்று தெரிந்ததும் அடுத்த பாட்டுக்குத் தாவிவிட்டேன். அன்று முதல் எப்போது கேட்டாலும் தாவல்தான்.

பிறகு வேலைக்காக லண்டன் போய் ஒரு வீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்காரர் அறுபத்தைந்தைத் தாண்டியவர். பேச்சுவாக்கில் கிரிம்சன் பெயரைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. 1969 ஜூலை 5, ஹைட் பார்க்கில் ரோலிங் ஸ்டோன்ஸின் இலவசக் கச்சேரிக்குப் பதினேழு வயதில் போனவராம். லட்சக்கணக்கில் கூட்டம். ஸ்டோன்ஸுக்கு முன்னால் வாசித்தவர்களில் இவர்களும் உண்டு. அப்போது ஆல்பமே வரவில்லை, பாதிப் பேருக்கு இவர்கள் யாரென்றே தெரியாது. "ஸ்டோன்ஸ் என்ன வாசித்தார்கள் என்று கேட்டால் யோசிக்க வேண்டும், இவர்கள் வாசித்தது இன்னும் காதில் இருக்கிறது" என்றார்.

அவரிடம் அந்த ஆல்பத்தின் எல்பி இசைத்தட்டு இருந்தது. முன் அட்டையில் பேண்ட் பெயரும் இல்லை, ஆல்பம் பெயரும் இல்லை; அலறும் அந்தச் சிவந்த முகம் மட்டும். நாசித் துவாரம் வரை தெரியும். மடிப்பைத் திறந்தால் உள்ளே இன்னொரு முகம், சிரித்தபடி. வரைந்த பாரி காட்பர் கம்ப்யூட்டர் புரோகிராமர். அவர் போட்ட ஒரே ஆல்பம் அட்டை இதுதான். சில மாதத்தில், 24 வயதில், மாரடைப்பில் போய்விட்டார். பேண்டும் நிலைக்கவில்லை. அந்த டிசம்பரிலேயே இயான் மெக்டொனால்டும் மைக்கேல் ஜைல்ஸும் விலகுவதாகச் சொல்லிவிட்டார்கள்.

இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் போட்டார். மூன்சைல்ட். ஊசியைத் தூக்க வேண்டுமென்றால் எழுந்து போக வேண்டும். அடுத்தவர் வீட்டில் அது மரியாதையில்லை. சரி என்று உட்கார்ந்தேன். மூன்று நிமிடம் எரிச்சல். அப்புறம் தானாகவே காது கூர்மையாகிவிட்டது. தட்டின் லேசான கரகரப்பு, தெருவில் போகும் பஸ், எல்லாம் கேட்டன. அந்த நிலையில் இருக்கும்போது கடைசிப் பாட்டு ஆரம்பித்து, டிரம் ஒரு உருட்டு உருட்டி மெலோட்ரான் என்ற கீபோர்டு முழு வீச்சில் நுழைந்தது பாருங்கள், நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். மெலோட்ரானில் ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு துண்டு டேப் உண்டு, சுமார் எட்டு வினாடிதான் ஓடும். அதை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய அரண்மனையைக் கட்டியிருக்கிறார் மெக்டொனால்ட். தாவித் தாவிக் கேட்டபோது இந்தக் கடைசிப் பாட்டு எனக்கு வெறும் நல்ல பாட்டாகத்தான் இருந்தது.

முடிந்ததும் ஊசியைத் தூக்க நானே எழுந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். சில நொடி கழித்து, திருவிழா ராட்டினத்தில் கேட்பது போல ஒரு குட்டிக் குழல் மெட்டு, மறுபடி பேண்ட் மொத்தமும். அந்த முடிவையும் அதுவரை நான் கேட்டதில்லை.