படித்து முடித்தும் மனதை விடாத ஒரு காட்சி: பெண்–பெண் காதல், பழைய காலம், மாயம், துப்பறிதல்

இரவுவாசகி

இந்த நாலும் ஒரே அட்டைக்குள் வரும் நாவல்களுக்கான இழை இது. நாவலின் பெயர் மட்டும் வேண்டாம். காட்சியைச் சொன்னாலே பாதி மர்மம் அவிழ்ந்துவிடும், படிக்காதவர்களின் சாபம் நமக்கு எதற்கு.

என்னுடையது லண்டன், வாயு விளக்குக் காலம். அறையில் யாராவது பொய் சொன்னால் விளக்கின் சுடர் நீலமாகும். அந்த நாவலில் மாயம் என்று இருப்பதே அவ்வளவுதான். சாட்சியாக வந்த தையல்காரப் பெண் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறாள், சுடர் மஞ்சளாகவே நிற்கிறது. "அன்றிரவு தனியாகத்தான் இருந்தீர்களா?" "ஆமாம்." நீலம். பக்கத்தில் கான்ஸ்டபிள் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறார். அவர் நிமிர்வதற்குள் துப்பறிகிறவள் கையை நீட்டி விளக்கின் திருகை மூடிவிட்டு, "கண் கூசுகிறது" என்கிறாள். அதுவும் பொய்தான், ஆனால் நீலமாவதற்குச் சுடர் இல்லை.

அந்தப் பொய்யை அவள் எப்படி உடனே அடையாளம் கண்டாள் என்பதை நாவல் ரொம்பத் தள்ளித்தான் சொல்கிறது. அதே பொய்யை வருஷக்கணக்கில் சொல்லி வந்தவள் அவள். கொலையாளி யார் என்பதே இப்போது எனக்குக் குழப்பம், அந்தத் திருகு மட்டும் நினைவில் நிற்கிறது.

தடயம்_தேடி

காட்சி நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பொய் சொன்னால் நிறம் மாறும் விளக்கு கையில் இருக்கும்போது துப்பறிய என்ன இருக்கிறது? வரிசையாக எல்லாரையும் உட்காரவைத்துக் கேட்டால் முடிந்தது. ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார், அவரே துப்பறியும் நாவல் எழுதியவர், 1929இல் இந்த வகைக்குப் பத்துக் கட்டளை போட்டார். அதில் இரண்டாவதே அமானுஷ்யம் கூடாது என்பது. சும்மா சொல்லவில்லை மனிதர்.

நான் படித்ததில் ஒரு அரண்மனைக் கொலை. இரண்டு நாயகிகளும் மாடியில் மழைக்கு ஒதுங்கி நிற்பதே ஒரு முழு அத்தியாயம். சரி, போகட்டும் என்று பொறுத்துக்கொண்டேன். கடைசியில் செத்தவரின் ஆவி நேரில் வந்து கொலையாளியைக் கை காட்டுகிறது! புத்தகத்தைத் தூக்கி எறியாததற்குக் காரணம் அது நூலகத்துப் புத்தகம்.

மைக்கூடு

மேலே எழுதியவருக்கு: ஆவி வந்தது தப்பில்லை, கடைசியில் வந்ததுதான் தப்பு. அதே நாக்ஸின் எட்டாவது கட்டளையையும் பாருங்கள். துப்பறிகிறவர் கண்ட தடயத்தை வாசகரிடம் மறைக்கக் கூடாது. விளக்கு நாவல் எதையும் மறைக்கவில்லையே. நம் கண் முன்னால்தான் திருகை மூடுகிறாள்.

காதல் அத்தியாயங்களை நீங்கள் பொறுத்துக்கொண்டதுதான் எனக்கு உறுத்துகிறது. நான் படித்த நாவலில் செத்தவர்களிடம் மூன்று கேள்வி கேட்கலாம், அதற்கு மேல் அந்த உடல் பேசாது. இது முதல் பக்கத்திலேயே சொல்லப்பட்ட விதி. பிணவறையில் துணியை விலக்கினால், கிடப்பது துப்பறிகிறவளின் பழைய காதலி. அந்த ஊரில் யாருக்கும் அது தெரியாது, பக்கத்தில் மேலதிகாரி நிற்கிறார். முதல் கேள்வி, எங்கே நடந்தது. இரண்டாவது, எதனால் குத்தினார்கள். மூன்றாவதாக "யார்" என்று கேட்பாள் என்று நாம் காத்திருக்க, அவள் கேட்பது: "ரொம்ப வலித்ததா?"

மேலதிகாரி கத்துகிறார். மீதி நாவல் முழுக்க அந்த ஒரு கேள்வி வீணானதால் நடப்பது. அங்கே காதலைக் கத்தரித்தால் மர்மமே இல்லை, கேஸ் பிணவறையிலேயே முடிந்துவிடும்.

கூர்முனை

விளக்கு நாவலை நானும் படித்தேன். எல்லாரும் அந்தத் திருகைக் கொண்டாடுகிறீர்கள். அவள் மறைத்ததால் சம்பந்தமில்லாத ஒரு வண்டிக்காரன் சிறையில் கிடந்தானே, அவனை யாரும் பேசவில்லை. ஆசிரியரும் அவனை ஒரு பத்தியில் வெளியே விட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

பழஞ்சுவடி

என் அனுபவம் புத்தகத்துக்கு வெளியே. இதை ரசித்துப் படிக்கிறேன் என்று சொன்னதும், "அந்தக் காலத்தில் இப்படியெல்லாம் ஏது? இந்தக் காலத்து ஆசையை அங்கே கொண்டுபோய் ஒட்டுகிறார்கள்" என்றார் ஒரு உறவினர். டிராகன் வருவதைப் பற்றி அவருக்கு ஒன்றும் ஆட்சேபம் இல்லை! இங்கிலாந்தில் நிஜமாகவே நடந்த ஒன்றை அவருக்குச் சொன்னேன்.

யார்க்‌ஷரில் ஷிப்டன் ஹால் மாளிகையின் சொந்தக்காரி ஆன் லிஸ்டர், 1791இல் பிறந்து 1840இல் இறந்தவர். நாட்குறிப்பு மட்டும் சுமார் 50 லட்சம் சொற்கள். ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு, கிரேக்க எழுத்தும் கணிதக் குறிகளும் கலந்து அவரே உண்டாக்கிய சங்கேதத்தில் இருக்கிறது. பெண்களோடு அவருக்கிருந்த காதல் எல்லாம் அதற்குள். 1834இல் யார்க் நகரத் தேவாலயத்தில் ஆன் வாக்கரோடு சேர்ந்து நற்கருணை வாங்கி, அதையே தங்கள் திருமணமாக எடுத்துக்கொண்டார்.

எனக்கு இதில் பிடித்தது பின்கதை. 1890களில் அந்த வீட்டு வாரிசு ஜான் லிஸ்டரும் நண்பர் ஆர்தர் பரெலும் சங்கேதத்தை உடைத்துவிட்டார்கள். படித்ததும் பரெல் மிரண்டுபோய், எரித்துவிடு என்றார். ஜான் எரிக்கவில்லை, மாளிகையின் மரப்பலகைச் சுவருக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். அந்தப் பகுதிகளை ஹெலினா விட்பிரெட் புத்தகமாகக் கொண்டுவர 1988 ஆனது. இதை நாவலில் எழுதினால், நம்பும்படி இல்லை என்று நாமே திட்டுவோம்.

பெண் துப்பறிகிறவளா என்பது அந்த உறவினரின் அடுத்த கேள்வி. அமெரிக்காவில் பிங்கர்டன் என்ற துப்பறியும் நிறுவனம் 1856லேயே கேட் வார்னை அந்த வேலைக்கு எடுத்திருந்தது. அதையும் சொன்னேன். பேச்சை மாற்றிவிட்டார்.

நிதானி

எனக்கு ஒரு நாவலில் இரண்டு பேரும் ஒரே பூதக்கண்ணாடிக்குள் குனிந்து இரத்தக்கறையைப் பார்க்கும் இடம் பிடித்தது. கறையை யாருமே பார்க்கவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

புதிதாக வருபவர்களுக்குச் சில யோசனை. மாயத்தின் விதி எங்கே சொல்லப்படுகிறதோ அங்கே ஒரு அடையாளம் வையுங்கள், முடிச்சு அங்கேதான் இருக்கும். முன்னால் வரும் வம்சாவளிப் பட்டியலையும் வரைபடத்தையும் மனப்பாடம் செய்யாதீர்கள், தேவைப்படும்போது திருப்பிக்கொள்ளலாம். தொடரில் நடுப் புத்தகத்தை எடுக்காதீர்கள். கொலை புதிதாக இருக்கும், காதல் பாதி முடிந்திருக்கும். ஒலிநூலாகக் கேட்பவர்கள் வேகத்தைக் கூட்ட வேண்டாம், இந்த நாவல்களில் தடயம் பெரும்பாலும் பேச்சில் வரும் தயக்கத்தில்தான் இருக்கிறது. பழைய நாவல்களில் இப்படிக் காதலித்த பெண்கள் கடைசியில் சாவார்கள் அல்லது மனநல விடுதிக்குப் போவார்கள். பட்ரீசியா ஹைஸ்மித் 1952இல் இருவரையும் பிழைக்கவிட்டு எழுதியதை வேறு பெயரில்தான் வெளியிட்டார். இப்போது நிலைமை மாறியிருக்கிறது, அதனால் பயந்துபோய்க் கடைசிப் பக்கத்தைத் திருப்பாதீர்கள். அது எழுதியவருக்குச் செய்யும் துரோகம்.

கடைசிப்பக்கம்

நிதானி, யாரும் கேட்கவில்லையே! நான் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பேன். இருவரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால், எத்தனை கொலை நடந்தாலும் நிம்மதியாகப் படிக்கலாம். சில எழுத்தாளர்கள் அதற்கும் ஆப்பு வைக்கிறார்கள். ஒரு நாவலின் கடைசிப் பக்கத்தில் ஒருத்திதான் இருந்தாள், தனியாக, துறைமுகத்தில். ஆத்திரத்தில் அலமாரியில் போட்டுவிட்டேன். ரொம்ப நாள் கழித்துத் தோழி ஒருத்தி அதைப் படித்துவிட்டுச் சிரிக்கிறாள்: "அடியே, கதையைச் சொல்வதே மற்றவள்தான்."