டவுன் ரதவீதியில் டிபார்ட்மென்டல் ஸ்டோர்: நெட் போனால் நாலு கவுன்டரும் நிற்கிறது, என்ன மாற்றணும்?

ரதவீதிக்கடை:
நெல்லை டவுனில் டிபார்ட்மென்டல் ஸ்டோர். கீழ்த்தளம், மாடி, பின்னால் குடோன். பில் போட நாலு கவுன்டர், ஒரு சர்வர் கம்ப்யூட்டர், காய்கறிப் பக்கம் ஸ்டிக்கர் அடிக்கிற எடை மெஷின், வைஃபையில் ஓடும் ரெண்டு கார்டு மெஷின், பதினாறு கேமரா. 100 எம்பிபிஎஸ் ஃபைபர் லைன் ஒன்றுதான். லைன்காரர் மாட்டிய வைஃபை பெட்டியிலிருந்துதான் எல்லாவற்றுக்கும் வயர் போகிறது.

சிக்கல் ரெண்டு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கூட்டம் ஏறினால் கார்டு மெஷின் சுற்றிக்கொண்டே நிற்கிறது. ஸ்பீடு டெஸ்ட் மட்டும் 90க்கு மேல் காட்டுகிறது. அடுத்தது, ஃபைபர் அறுந்தால் பில்லே விழமாட்டேன் என்கிறது. பில்லிங் சாப்ட்வேர் கடைக்குள்ளே சர்வரில்தான் ஓடுகிறது, பிறகு ஏன்? 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறினால் தீருமா?

பாளை கேபிளிங்:
300க்கு மாறி காசைப் போடாதீங்க அண்ணாச்சி. ஒரு கார்டு பரிவர்த்தனைக்குச் சில கிலோபைட் போதும். அந்தக் கொஞ்சம் தடங்கல் இல்லாமல் போய்த் திரும்புகிறதா என்பதுதான் கேள்வி. ஸ்பீடு டெஸ்ட் அதைச் சொல்லாது.

கடைக்குள் ஓடும் நெட்வொர்க் வேறு, வெளியே போகும் இன்டர்நெட் வேறு. எது படுக்கிறது என்று முதலில் பிரிச்சுப் பாருங்க. கூட்ட நேரத்தில் ஒரு கவுன்டர் கம்ப்யூட்டரில் மூணு விண்டோ திறந்து, நிற்காமல் ஓடும் பிங் (பதில் எத்தனை மில்லிசெகண்டில் திரும்புகிறது என்று காட்டும் சோதனை) போடுங்க: ஒன்று சர்வருக்கு, ஒன்று ரூட்டருக்கு (அந்த வைஃபை பெட்டிதான்), ஒன்று வெளியே கூகுளின் 8.8.8.8க்கு. வயரில் சர்வரும் ரூட்டரும் 1 மில்லிசெகண்டை ஒட்டி வரணும். வெளியே 10 முதல் 40 வரை சாதாரணம். அதோடு வைஃபையில் இருக்கும் ஒரு போனைக் கார்டு மெஷின் பக்கத்தில் வைத்து ரூட்டருக்கு பிங் போடுங்க.

வயரிலிருந்து வெளியே மட்டும் 300, 400 என்று ஏறினால் அப்லோடு அடைபடுது. கேமரா கிளவுடுக்குப் போகிறதா, வீட்டிலிருந்து யாராவது லைவ் பார்க்கிறார்களா என்று பாருங்க. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரே ஒரு லேப்டாப்பை மாட்டியும் ஏறுகிறது என்றால் லைன்காரர் பக்கம் நெரிசல். போனிலிருந்து ரூட்டர் வரைக்குமே ஆடினால் அது வைஃபை கோளாறு, எந்தப் பிளான் மாற்றினாலும் போகாது.

ஃபைபர் பெட்டியின் (ஃபைபர் வந்து சேரும் லைன்காரர் பெட்டி) செட்டிங்ஸ் பக்கத்தை பிரவுசரில் திறந்தால் உள்ளே வரும் ஒளியின் அளவு டிபிஎம் கணக்கில் காட்டும். மைனஸ் 15க்கும் 25க்கும் நடுவில் இருந்தால் நல்லது. மைனஸ் 27ஐத் தாண்டி 28, 29 என்று இறங்கினால் அடிக்கடி விட்டுவிட்டுப் போகும். ஆணியில் மடங்கின ஃபைபர், அழுக்கான கனெக்டர், இந்த ரெண்டும்தான் பெரும்பாலும் காரணம்.

பில் நிற்பதற்குக் காரணம் அந்த வைஃபை பெட்டிதான் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு மெஷினுக்கும் ஐபி (நெட்வொர்க் முகவரி) கொடுப்பதும் அது, கவுன்டரையும் சர்வரையும் சேர்க்கும் சுவிட்சும் அது. லைன் போனதும் அதை அணைத்துப் போட்டாலோ லைன்காரர் கழற்றிக்கொண்டு போனாலோ கடை மொத்தமும் துண்டாகும். தனியாக 16 போர்ட் கிகாபிட் சுவிட்ச் ஒன்று வாங்கி, சர்வர், கவுன்டர், பிரின்டர், எடை மெஷின் எல்லாவற்றையும் அதில் மாட்டுங்க. சர்வருக்கும் பிரின்டருக்கும் மாறாத ஐபி கொடுங்க. வயர் கேட் 6, முழுச் செம்பு. அலுமினியத்தில் செம்பு பூசிய மலிவு வயர் வேண்டாம், போகப்போக முனையில் தொடர்பு விட்டுப்போகும். ஓட்டம் 100 மீட்டருக்குள் இருக்கணும்.

ஒரே வயரின் ரெண்டு முனையையும் ஒரே சுவிட்சில் யாராவது குத்திவிட்டால் மொத்த நெட்வொர்க்கும் உறைந்துவிடும். கவுன்டர் மேசைக்கு அடியில் ஐந்து போர்ட் குட்டி சுவிட்ச் வைக்கிற கடைகளில் இது அடிக்கடி நடக்கிறது. லூப் தடுப்பு உள்ள சுவிட்சாகப் பார்த்து வாங்குங்க.

பேக்கப்லைன்:
ரெண்டாவது லைன் கட்டாயம் வேணும். ஆனால் கம்பெனி வேறாக இருந்தால் மட்டும் போதாது. ரெண்டு ஃபைபரும் ஒரே இ.பி. கம்பத்தில் தொற்றிக்கொண்டு வந்தால், உயரமாக லோடு ஏற்றின ஒரு லாரி ரெண்டையும் சேர்த்து அறுத்துவிடும். அதனால் ரெண்டாவது, சிம் போடும் 4ஜி ரூட்டராக இருக்கட்டும். வாங்கும் முன் கடைக்குள் சிக்னல் அளவை (ஆர்எஸ்ஆர்பி என்று காட்டும் எண்) பாருங்க: மைனஸ் 100க்கு மேல் (மைனஸ் 90, 80) நல்லது, மைனஸ் 110க்குக் கீழே (மைனஸ் 115, 120) போனால் வெளி ஆன்டெனா வேண்டும்.

ரெண்டையும் டூயல் வான் ரூட்டரில் (ரெண்டு இன்டர்நெட் லைனை ஏற்கும் ரூட்டர்) சேர்க்கும்போது மூணு இடத்தில் இடறும். ஃபைபர் அறுந்தாலும் பெட்டிக்கும் ரூட்டருக்கும் நடுவில் வயர் உயிரோடுதான் இருக்கும், எனவே வயரை மட்டும் பார்க்கும் ரூட்டர் லைன் மாற்றாது. வெளியே இருக்கும் 8.8.8.8, 1.1.1.1 ரெண்டையும் ஐந்து வினாடிக்கு ஒரு தடவை தட்டிப் பார்த்து, தொடர்ந்து மூணு தடவை பதில் இல்லாவிட்டால் மாறும்படி வைங்க. அடுத்தது, ஃபைபர் பெட்டியும் சிம் பெட்டியும் 192.168.1.1 என்றே வந்தால் மோதும், ஒன்றை 192.168.8.1 ஆக்குங்க. ஃபைபர் திரும்ப வந்ததும் உடனே தாவாமல் ஐந்து நிமிஷம் நிலையாக இருந்த பிறகு மாறட்டும்.

சிம்மில் ஓடும்போது கேமரா கிளவுடை ரூட்டரிலேயே அடைத்துவிடுங்க. ரீசார்ஜ் தேதியையும் எழுதி ஒட்டி வைங்க. ஃபைபர் அறுந்த அன்றைக்குத்தான் சிம்முக்கு வேலிடிட்டி முடிந்தது தெரியவரும்.

வள்ளியூர் யூபிஎஸ்:
கரன்ட்டை மறக்காதீங்க. ஃபைபர் பெட்டி, ரூட்டர், சுவிட்ச், சிம் பெட்டி எல்லாம் சேர்ந்தாலும் 30, 40 வாட்தான், தனி யூபிஎஸ் ஒன்று நன்றாகவே தாங்கும். கடை இன்வெர்ட்டரில் போட்டிருந்தால் அதிலுள்ள யூபிஎஸ் மோடு சுவிட்ச் ஆனில் இருக்கணும். இல்லாவிட்டால் மாறுகிற அந்த இமைநேரத்தில் எல்லாம் அணைந்து எழும், ஃபைபர் பெட்டி லைனைப் பிடிக்க மறுபடி ரெண்டு மூணு நிமிஷம்.

குடோனுக்குச் செம்பு வயர் வெளியே தொங்கிக்கொண்டு போகிறதா? ஐப்பசி கார்த்திகை இடியில் அந்த வயர் வழியாகத்தான் சுவிட்ச் போர்ட்டெல்லாம் எரியும். அந்த ஒரு ஓட்டத்தை மட்டும் ஃபைபராக்கி ரெண்டு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரைச் செம்பு வயரோடு சேர்க்கும் பெட்டி) போடுங்க. செலவு குறைவு.

கணக்குப்பிள்ளை:
பில் பக்கத்திலிருந்து கொஞ்சம். ஜிஎஸ்டி விதி 46, தொடர் எண்ணை ஒரே வரிசையிலோ பல வரிசையிலோ வைத்துக்கொள்ள இடம் தருகிறது. 16 எழுத்துக்குள் இருக்கணும், ஒரே நிதியாண்டில் அதே எண் திரும்ப வரக்கூடாது. கவுன்டருக்கு ஒரு வரிசை வைத்துவிட்டால் சர்வரே படுத்தாலும் ஒரு கவுன்டர் தனியாக பில் போடலாம், பிறகு சேர்க்கும்போது எண் மோதாது.

சில்லறை பில்லுக்கு இணையம் தேவையில்லை. விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியிருந்தால், ஜிஎஸ்டி எண் உள்ள ஓட்டல்காரர், டீக்கடைக்காரருக்குப் போடும் பில்லுக்கு மட்டும் இணையத்தில் அரசு தளத்தில் பதிந்து இ-இன்வாய்ஸ் எண் வாங்கணும் (2023 ஆகஸ்ட் 1 முதல் இந்த வரம்பு). அதை ஒரே கவுன்டருக்கு ஒதுக்கிவிட்டால் நெட் போன நேரம் அந்தக் கவுன்டர் மட்டும் காத்திருக்கும்.

லைன் மாறுகிற நேரத்தில் கார்டு பாதியில் நின்றால் உடனே மறுபடி தேய்க்கச் சொல்லாதீங்க. மெஷினில் கடைசிப் பரிவர்த்தனையின் நிலையைப் பார்த்த பிறகுதான் அடுத்தது. பணம் கழிந்து கடைக்கு உறுதி வராவிட்டால், கார்டோ யூபிஐயோ, ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்பணும் என்பது ரிசர்வ் வங்கி விதி. தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இதை வாடிக்கையாளரிடம் பொறுமையாக எடுத்துச் சொல்ல கவுன்டர் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கணும். அவர்கள் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிச் சரக்கைக் கொடுக்கக்கூடாது, உங்கள் ஆப்பில் வரவு வந்திருக்கணும்.

ரதவீதிக்கடை:
எல்லோருக்கும் நன்றி. சோதித்துப் பார்த்தேன். வயரில் சர்வர், ரூட்டர் 1. வெளியே 20, 25. ஒளி மைனஸ் 21. ஆனால் போனிலிருந்து ரூட்டருக்கு சாயங்காலம் 200, 500, நடுநடுவே பதிலே இல்லை. ஃபைபரை மட்டும் பிடுங்கிவிட்டுப் பெட்டியை ஆனில் வைத்தால் பில் விழுகிறது, ஆனால் ஒவ்வொன்றுக்கும் அரை நிமிஷம் ஆகிறது. ரதவீதியில் ஆனித் தேர் வரும்போது வழிவிடக் கேபிளைக் கழற்றினால் என்ன செய்வது?

பாளை கேபிளிங்:
அப்படின்னா லைனில் குறை இல்லை, வைஃபைதான். ரதவீதியில் கடைக்குக் கடை வைஃபை, எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸில் கிடக்கு. கூட்டம் நின்றால் மனித உடம்பும் சிக்னலைக் குடிக்கும். கேஷ் மேசைக்கு அடியில் இருக்கும் பெட்டியின் வைஃபையை அணைத்துவிட்டு, கவுன்டருக்கு நேர் மேலே சீலிங்கில் ஒரு ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை மட்டும் கொடுக்கும் பெட்டி) மாட்டுங்க, சுவிட்சிலிருந்து வயர் போகட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் 1, 6, 11இல் எது காலியோ அது, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். கார்டு மெஷின் 5 கிகாஹெர்ட்ஸ் எடுக்குமானால் அதிலேயே விடுங்க. வாடிக்கையாளருக்கு வைஃபை கொடுப்பதாக இருந்தால் தனி விலானில் (கடை நெட்வொர்க்கிலிருந்து பிரித்த நெட்வொர்க்), ஆளுக்கு 2 எம்பிபிஎஸ் வரம்போடு.

அந்த அரை நிமிஷம், சாப்ட்வேர் ஒவ்வொரு பில்லுக்கும் வெளியே எதையோ தேடிக் காத்திருக்கும் நேரம். எஸ்எம்எஸ் பில்லோ, கிளவுட் பேக்கப்போ இருக்கும். சாப்ட்வேர்காரரிடம் அதைப் பில்லிலிருந்து பிரித்து, பின்னணியில் வரிசையாகப் போகும்படி கேளுங்க.

பேக்கப்லைன்:
தேரன்றைக்கு சிம்மை மட்டும் நம்பாதீங்க. அத்தனை போனும் ஒரே டவரில் தொங்கும், உங்கள் 4ஜி பெட்டியும் அதில்தான். வாடிக்கையாளர் போனிலும் நெட் வராது என்பதால் அச்சடித்த கியூஆரும் கை கொடுக்காது. கல்லாவில் பத்து, இருபது, ஐம்பதாகச் சில்லறை கூடுதலாக வைங்க. கேபிளுக்கு, குடோன் பக்கச் சந்து வழியாக லைனைக் கொண்டுவர முடியுமா என்று லைன்காரரிடம் வைகாசியிலேயே பேசிவிடுங்க. ஆனி பிறந்த பிறகு அவருக்கு நாலு வீதிக் கேபிளையும் இறக்கி ஏற்றுகிற வேலை வந்துவிடும்.