முகப்பு அழியை அடைக்கச் சொல்லுதவங்களுக்கு

வேளிமலையான்:
நேத்து இங்க ஒருத்தர் எழுதினாரு: "பழைய ஓட்டு வீட்டுல கரண்ட் பில் குறையணுமா? முகப்பு அழியை அடைச்சுட்டு ஏசி போடுங்க." வாசிச்சதுல இருந்து வயிறு எரியுது. கூரையோட ரெண்டு ஓரத்துலயும் முக்கோணமா மரச்சட்டம் வெச்சு ஆசாரி விட்டிருக்க திறப்பு வெறும் அழகுக்குன்னா நினைச்சீரு? ஓடு வெயில்ல காயும். ஓட்டுக்கும் அறைக்கு மேல மரத்தளமா உள்ள மச்சுப் பலகைக்கும் நடுவுல உள்ள காத்து சூடேறி மேல எழும்பும். அது வெளிய போறது அந்த அழி வழியாத்தான். அடைச்சா சூடு எங்க போகும்? மச்சைக் காய்ச்சி உம்ம தலைமேல இறங்கும். அதைத் தணிக்க ஏசி இன்னும் கரண்டை இழுக்கும். இதுக்குப் பேரு சிக்கனமாம்!

சிவில்_மார்த்தாண்டம்:
எழுதினது நான்தான் அண்ணாச்சி. "ஒருத்தர்"னு சாடை பேச வேண்டாம். பாதியை வெட்டிட்டு மீதிக்குச் சண்டை பிடிக்கிறீங்க. மச்சு மேல சூட்டைத் தடுக்குற இன்சுலேஷன் பஞ்சு, ஓட்டுக்கு அடியில அலுமினியத் தாள், அதுக்கப்புறம்தான் அடைக்கச் சொன்னேன். வீடுகளுக்கான மத்திய எரிசக்தி விதி ஈகோ நிவாஸ் சம்ஹிதா 2018-ல கூரையோட யூ-வேல்யூ, அதாவது சூடு கடந்து வர்ற அளவு, 1.2-க்கு மேல போகக்கூடாதுன்னு இருக்கு. வெறும் ஓடும் பலகையும் அதை எட்டவே எட்டாது.

வேளிமலையான்:
அந்த விதி 500 சதுர மீட்டரும் அதுக்கு மேலயும் உள்ள மனையில புதுசா கட்டுத வீட்டுக்கு. எங்க தாத்தா கட்டின வீட்டுக்கு அதை ஏன் இழுக்கீரு? சுத்தி வளைக்க வேண்டாம். அழியை அடைக்கச் சொன்னீரா, இல்லையா?

சிவில்_மார்த்தாண்டம்:
சொன்னேன். இன்னும் சொல்லுவேன்.

கொல்லங்கோட்டு_அக்கா:
அந்த வீட்டுல குடியிருக்கவ நான் பேசட்டுமா? எங்க அழி வழியா வௌவால் வந்து மச்சு முழுக்க எச்சம். ஐப்பசி மழைக்குச் சாரல் அடிச்சு ஓரத்துப் பலகை கருத்துப் போச்சு. மே மாசம் எங்க அம்மை மச்சுக்குக் கீழ கிடந்து விசிறியைக் கீழ வைக்க மாட்டா. பாரம்பரியம் பேசுதவங்க ஒரு நாளு வந்து மச்சைத் தூத்துக் குடுங்க.

வேளிமலையான்:
அக்கா, வௌவாலுக்கு உள்பக்கமா கம்பி வலை அடிச்சா போதும். அதுக்குப் போய் அழியை அடைப்பாங்களா? ஒரு ஓடு விலகினாலும் சாரல் வரும். முதல்ல உடைஞ்ச ஓட்டை மாத்துங்க, ஓட்டைத் தாங்குற கழுக்கோலுல செல்லு (கரையான்) இருக்கான்னு தட்டிப் பாருங்க.

இன்னொண்ணு. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஆனி ஆடியிலயும் மழை, ஐப்பசி கார்த்திகையிலயும் மழை. காத்துல எப்பவும் ஈரம். கீழ ஏசியை 20-ல வெச்சா மச்சுப் பலகை குளுந்து போகும். ஓட்டு இடுக்கு வழியா வர்ற ஈரக்காத்து அதுல பட்டு வேர்க்கும். அழி திறந்திருந்தா காத்தோட்டத்துல காஞ்சிரும். அடைச்சுட்டு மேல பஞ்சை விரிச்சா அடியில பூஞ்சை பிடிச்சு அயினிப் பலகையும் உளுத்துரும். பலகை போனா திரும்ப அந்த மரம் எங்க கிடைக்கும்? பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய் அம்பாரி முகப்புங்கிற நீட்டின மரச் சன்னலைப் பாருங்க. சட்டத்தைச் சாய்ச்சு வெச்சு காத்தை உள்ள விட்டு வெயில் கூச்சத்தை வெளிய நிறுத்தியிருக்கான். எந்த இன்சுலேஷன் போட்டான்?

சிவில்_மார்த்தாண்டம்:
அரண்மனையில எந்தப் பாட்டி மே மாசம் படுத்து உறங்குகா? சாயங்காலம் பூட்டிட்டுப் போற கட்டடம் அது. நீங்க சொன்னதே எனக்குச் சாதகம்தான். ஈரக்காத்து வர்றதுதான் பிரச்சினைன்னா, அது வர்ற பெரிய வழியை அடைக்கிறதுல என்ன தப்பு?

வேளிமலையான்:
ஓடு வேய்ஞ்ச கூரையை எவனாலயும் முழுசா அடைக்க முடியாது வோய்! ஈரம் எப்படியும் நுழையும். வெளிய போற வழியைத்தான் நீரு அடைக்கீரு. இதே புத்தியிலதான் சுண்ணாம்புச் சுவர்ல சிமெண்ட் பூசச் சொல்லி எங்க தெருவுல ஒரு வீட்டைக் கெடுத்தாங்க. ஈரம் உள்ளயே நின்னு அடிச்சுவர் பொரிஞ்சு உதிருது.

சிவில்_மார்த்தாண்டம்:
சிமெண்ட் பூச நான் எங்க சொன்னேன்?

வேளிமலையான்:
இன்னைக்கு அழி, நாளைக்குச் சிமெண்ட். உங்க ஆளுங்க எல்லாம் ஒரே பள்ளிக்கூடம்தான்.

பறக்கைத்_தம்பி:
அரண்மனைப் பேச்சு வந்ததால கேக்கேன். 1956 நவம்பர் 1-லயே நாம திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுப் பிரிஞ்சு தமிழ்நாட்டோட சேர்ந்தாச்சு. பத்மநாபபுரம் மட்டும் ஏன் இன்னும் கேரளத் தொல்லியல் துறை கையில இருக்கு? அதை யாரும் பேச மாட்டேங்கியளே.

வேளிமலையான்:
அவங்க கையில இருந்ததாலதான் தரை இன்னும் கண்ணாடி மாதிரி மின்னுது. இரணியல் அரண்மனை நம்ம பக்கம்தானே? எத்தனை காலம் கூரை விழுந்து செடி முளைச்சுக் கிடந்துது?

பறக்கைத்_தம்பி:
நம்ம ஊரைக் குறை சொல்லியே ஆளாகணும் உங்களுக்கு. மீட்கக் கேட்டா தப்பா?

கொல்லங்கோட்டு_அக்கா:
எங்க அம்மை வேர்த்துக் கிடக்கா, இங்க அரண்மனைக்குப் பங்கு பிரிக்கீங்க.

வேளிமலையான்:
அக்கா, உங்களுக்குத்தான் எழுதுகேன். பழைய ஃபேன் 75 வாட்ஸ் எடுக்கும், கரண்ட் கம்மியா இழுக்குற புது மோட்டார் வெச்ச பிஎல்டிசி ஃபேன் ஏறக்குறைய 30 வாட்ஸ்ல அதே காத்தைத் தரும். அம்மை கிடக்க ஒரு அறைக்கு மட்டும் ஏசி வைங்க. 26-ல வெச்சு ஃபேனையும் ஓட்டுங்க. ஒரு டிகிரி கூட்டினா ஏறக்குறைய 6 சதவீதம் மிச்சம்னு எரிசக்தித் திறன் பணியகமே சொல்லுது. அலுமினியத் தாளை வேணும்னா ஓட்டுக்குக் கீழ, கழுக்கோலை ஒட்டிக் கட்டலாம். பின்னால வேண்டாம்னா கழட்டிரலாம். ஆனா அழியில பலகையோ கண்ணாடியோ வைக்கவே கூடாது.

சிவில்_மார்த்தாண்டம்:
அலுமினியத் தாள் நான் சொன்னது. இப்ப உங்க யோசனை ஆயிட்டு!

வேளிமலையான்:
தாளைப் பத்தி யாரு வோய் கேட்டா? நீரு அழியை அடைக்கச் சொன்னீரு.

சிவில்_மார்த்தாண்டம்:
அக்கா, கடலோர உப்புக்காத்துல கம்பி வலை துருப்பிடிச்சு உதிரும். அண்ணாச்சி வந்து மாத்தித் தருவாரான்னு கேளுங்க.

வேளிமலையான்:
ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலைன்னு ஒண்ணு மார்த்தாண்டத்துக் கடையிலயே கிடைக்கும். எஞ்சினியருக்கு அதைக்கூட நான்தான் சொல்லித் தரணுமா?