'தேமல்' வேண்டாம், 'சுணங்கு' எப்படி?

வணக்கம் அண்ணை,

பச்சை இலையில் மஞ்சளோ வெள்ளையோ கலந்து வருவதற்கு 'தேமல்' என்று எழுதியிருந்தீர்கள். நல்ல சொல்தான், ஆனால் மஞ்சள் தேமல் நோய் என்று அது ஏற்கெனவே வைரசுக்குப் போய்விட்டது. வவுனியாப் பக்கம் உழுந்து விதைக்கிற ஆள் செடியின் பெயரட்டையில் அதை வாசித்தால் கன்றைப் பிடுங்கி எரிக்கத்தான் சொல்லுவார். 'பன்னிறம்' என்று வைத்தால் அதைவிடப் பொது. அடீனியம் (பாலைவன ரோசா) பூவில் இரண்டு நிறம் இருந்தாலும் அதே பெயர்தானே வைக்கவேண்டி வரும்.

எனக்கு இலைக்கென்று தனிச்சொல் வேண்டும். அடீனியத்தைப் பூ வைத்துப் பிரிக்கலாம் (விதைக் கன்று தாயின் நிறத்தில் பூக்கும் என்று நம்பக்கூடாது, ஒட்டுக்கன்றுதான் சரி). மருளுக்கு (வாள் போல நிமிர்ந்த இலையுள்ள பாம்புச்செடி) அது சரிவராது, எல்லாம் வெளிறிய ஒரே மாதிரிப் பூ, இலையைப் பார்த்துத்தான் பிரிக்கவேணும். அதிலும் மஞ்சள் விளிம்பு மருளை இலைத்துண்டில் முளைக்க வைத்தால் குட்டியெல்லாம் வெறும் பச்சையாக வரும், கிழங்கோடு பிரித்து நட்டால்தான் விளிம்பு நிற்கும். இது தெரியாமல் ஒரு சாடி முழுக்க இலை வெட்டி நட்டு, மஞ்சள் விளிம்பு என்று சொல்லிக் கொடுத்து வெட்கப்பட்டவன் நான்.

என் தெரிவு 'சுணங்கு'. சங்கப் பாட்டில் பெண்ணின் மேனியில் படரும் பொன்னிறப் புள்ளிகளுக்கு அந்தப் பெயர், வேங்கைப் பூந்தாதோடு ஒப்பிடுவார்கள். எங்கட ஊரில் சுணங்குவது என்றால் பிந்துவது என்றுதான் எல்லாரும் சிரிப்பார்கள், சிரிக்கட்டும், அதுவும் பொருந்துகிறது: பச்சையம் இல்லாத இடத்தில் ஒளித்தொகுப்பு நடக்காது, அதனால் இந்தக் கன்றுகள் பச்சைக் கன்றைவிட உண்மையாகவே சுணங்கித்தான் வளரும்.

இளங்கற்றாழையில் உள்ள வெள்ளைப் பொட்டுக்கு இது வேண்டாம், வளர வளர அது பெரும்பாலும் மறைந்துவிடும். அதைப் புள்ளி என்றே விடலாம்.

ஒரு சிக்கல். 'சுணங்கிலை' என்று சேர்த்து எழுதினால் பழந்தமிழ் படித்தவர் (அதில் 'இல்லை' என்பது 'இலை' என்றும் வரும்) 'சுணங்கு இல்லை' என்று வாசித்து நேர்மாறாக எடுப்பார். அதனால் இலையை விட்டுவிட்டு 'சுணங்கு மருள்' என்று செடிப்பெயருக்கு முன்னால் வைப்போம், ஓரத்தில் என்றால் 'விளிம்புச் சுணங்கு', நடுவில் என்றால் 'நடுச் சுணங்கு'. வெள்ளைக்கு 'வெண்சுணங்கு' போதுமா? பொன்னிறச் சொல்லுக்கு முன்னால் வெண் ஒட்டுவது எனக்கே கொஞ்சம் இடிக்கிறது, நீங்கள் சொல்லுங்கோ.