வாக்கிங் முடித்ததும் பிபி 162, குளித்துவிட்டுப் பார்த்தால் 118. எதை நம்புவது?

மூணாவதுமாடி:
வயது 52, ஆறு மாதமாகப் பிபி மாத்திரை போடுகிறேன். மகள் ஒரு மெஷின் வாங்கிக் கொடுத்தாள், அன்றோடு நிம்மதி போச்சு. காலையில் 45 நிமிடம் வேக நடை, மூன்று மாடி ஏறி வந்த கையோடு பார்த்தால் 162/78. பயந்துபோய்க் குளித்து, கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் 118/72. மெஷின் கோளாறா, இல்லை எனக்கு நடையே ஆகாதா? வீட்டில் வாக்கிங்கை நிறுத்தச் சொல்கிறார்கள்.

வெள்ளைச்சீருடை:
மெஷின்மேல் பழி போடாதீர்கள் சார், பார்க்கிற நேரம்தான் தப்பு. நடக்கும்போது கால் தசைக்கு ரத்தம் நிறைய வேண்டும், இதயம் வேகமாகவும் பலமாகவும் தள்ளும், மேல் அளவு ஏறத்தான் செய்யும். தசையில் உள்ள குழாய்கள் விரிந்து வழி விடுவதால் கீழ் அளவு பெரும்பாலும் ஏறாது, உங்கள் 78 அப்படித்தான். நல்ல திடமான ஆள் ஓடினால்கூட மேலே 180, 200 வரை போகும்.

ஆனால் அந்த 118-ஐயும் நம்பாதீர்கள்! நடை முடிந்த பிறகும் குழாய்கள் சில மணி நேரம் விரிந்தே இருக்கும், அளவு வழக்கத்தைவிடக் குறைவாகக் காட்டும். எழுந்ததும் ஒன்றுக்குப் போய்விட்டு வந்து, காபி, மாத்திரை, நடை எல்லாவற்றுக்கும் முன்னால் பாருங்கள். முதுகு சாய்ந்து, பாதம் தரையில், கை நெஞ்சு உயரத்தில், 5 நிமிடம் வாய் திறக்காமல் உட்கார்ந்துவிட்டு ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. நடையை மட்டும் விட்டுவிடாதீர்கள், பிபி உள்ளவர்கள் விடாமல் நடந்தால் சில மாதங்களில் மேல் அளவு 5 முதல் 8 வரை இறங்கும். நடக்கும்போது நெஞ்சு இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் அது வேறு விஷயம், உடனே டாக்டரிடம் போங்கள்.

தண்டால்தம்பி:
நடை பரவாயில்லை அண்ணா, ஜிம்மில் தம் கட்டி எடை தூக்குவதுதான் ஆபத்து. கனடாவில் 1985-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் பாடிபில்டர்களின் ரத்தக் குழாய்க்குள்ளேயே குழல் விட்டு அளந்தபடி லெக் பிரஸ் (காலால் எடையைத் தள்ளும் பயிற்சி) செய்ய வைத்தார்கள், ஒருவருக்கு 480/350 வரை போனது. சில நொடிதான், உடனே இறங்கிவிடும், ஆனாலும் யோசித்துப் பாருங்கள். தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும் என்று கோச் கத்துவது சும்மா இல்லை.

அரைக்கை:
பட்டையைச் சட்டைக்கு மேலேயா கட்டுகிறீர்கள்? கை பருமனாக இருந்து பட்டை சின்னதாக இருந்தாலும் கூடத்தான் காட்டும். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூணாவதுமாடி:
பத்து நாள் நடைக்கு முன்னால் பார்த்து நோட்டில் எழுதினேன் (பட்டை சரிதான், சட்டைமேல்தான் கட்டிக்கொண்டிருந்தேன், வெட்கமாக இருக்கிறது). 138/86, 141/88, 134/84, எல்லாம் இந்தச் சுற்றில்தான். வீட்டில் பார்க்கும்போது 135/85-க்குக் கீழே இருக்க வேண்டுமாம், டாக்டர் நோட்டைப் புரட்டிவிட்டு மாத்திரையின் அளவை மாற்றினார். அந்த 118-ஐ மட்டும் காட்டி மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்கத்தான் முதலில் நினைத்திருந்தேன். வாக்கிங் தொடர்கிறது, மெஷினை மட்டும் நடை முடிந்து வரும் நேரத்தில் வீட்டில் எடுத்து ஒளித்து வைத்துவிடுகிறார்கள்.