மறு: அஃபான்டேசியாவுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். நினைத்ததை மனத்தில் காட்சியாகக் காண முடியாத நிலைதான் அஃபான்டேசியா. அதற்குத் தமிழ்ச்சொல்லாக இங்கே வந்த பரிந்துரைகளைப் பற்றி எழுதுகிறேன்.

> கற்பனையின்மை என்றே வைத்துக்கொள்ளலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தவறாகப் புரியும். எனக்கே அந்த நிலை உண்டு என்பதால் அழுத்திச் சொல்கிறேன். கண்ணை மூடி அம்மாவின் முகத்தை நினைத்தால் எனக்கு இருட்டுதான். இடப் புருவத்தின் ஓரம் மச்சம் இருப்பதும், சிரிக்கும்போது கண்கள் சுருங்குவதும் எனக்குத் தெரியும். தெரிகிறதே தவிர, தோன்றுவதில்லை. ஆனாலும் கதை எழுதுகிறேன், நாளைக்கு நடக்கப்போவதை எண்ணி அஞ்சுகிறேன். இவையெல்லாம் கற்பனை இல்லையா?

1880இல் ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் காலை உணவு மேசையை மனத்தில் கொண்டுவரச் சொல்லிக் கேட்டபோதே, படம் எதுவும் வரவில்லை என்று சொன்னவர்கள் இருந்தார்கள். நிலைக்குப் பெயர் கிடைத்தது 2015இல்தான். நரம்பியல் மருத்துவர் ஆடம் ஸீமனும் உடன் ஆய்ந்தவர்களும், மனத்தில் உரு எழுப்பும் ஆற்றலுக்கு அரிஸ்டாட்டில் கையாண்ட ‘ஃபான்டேசியா’ என்ற கிரேக்கச் சொல்லின் முன், இல்லை என்று பொருள்தரும் ‘அ’வைச் சேர்த்தார்கள்.

2022இல் வெளிவந்த சிட்னி ஆய்வு ஒன்று நம் சொல்லாக்கத்துக்கும் உதவும். வெளிச்சமான வடிவத்தை மனத்தில் கற்பனை செய்தாலே பலருக்குக் கண்மணி சுருங்குகிறது. எங்களைப் போன்றவர்களுக்குச் சுருங்குவதில்லை. நேரில் பார்த்தால் மட்டும் சுருங்குகிறது. ஒரே ஒரு வடிவத்துக்குப் பதில் நான்கை நினைக்கச் சொன்னபோது எங்கள் கண்மணியும் விரிந்தது. மனம் உழைப்பதன் அடையாளம் அது. ஆக, கவனம் இருக்கிறது, முயற்சி இருக்கிறது, காட்சி மட்டும் எழுவதில்லை. சொல்லில் இல்லையென்று காட்டவேண்டியது அந்தக் காட்சியை மட்டுமே.

‘மனக்குருடு’ வேண்டவே வேண்டாம். அது வசைச்சொல்லாகவே நம்மிடம் புழங்குகிறது.

‘உருவெளியின்மை’ என்ற பரிந்துரை என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. அழகான வேர். ஆனால் கம்பனில் இராவணன் காணும் உருவெளி எப்படிப்பட்டது? எதிரே சீதை நிற்பதாகவே கண்டு, ‘இவள்தானா?’ என்று சூர்ப்பணகையைக் கேட்கிறான். அவளோ, வந்து நிற்பது இராமன் என்கிறாள். வெளியே இல்லாததை இருப்பதாகக் காண்பது அது. நினைத்த முகம் உள்ளே எழுவது வேறு. அது நினைவுதான் என்று நினைப்பவருக்கே தெரியும். உருவெளியை மாயத்தோற்றத்துக்கு ஒதுக்கி வைக்கலாம்.

என் பரிந்துரை: மனக்காட்சியின்மை. ‘மனக்கண்’ எல்லோர் வாயிலும் இருக்கிறது. அதில் தெரிவது மனக்காட்சி. ‘அகக்காட்சி’யையும் எண்ணிப் பார்த்தேன். அதில் ஞானியரின் தரிசன வாடை அடிக்கிறது. சிலருக்கு உள்ளே குரலும் இசையும்கூடக் கேட்பதில்லை. ‘மனவொலியின்மை’ என்று அதற்கும் இதே வழியில் சொல் கிடைக்கும்.

‘தூக்கமின்மை, பசியின்மை மாதிரி நோய்ப்பெயராக ஒலிக்கிறதே’ என்று ஒருவர் தயங்கியிருந்தார். ‘அச்சமின்மை’யும் அதே ஈற்றில்தானே முடிகிறது? இன்மை என்பது இல்லை என்று மட்டும் சொல்கிறது; குறையா இல்லையா என்பதை முன்னால் நிற்கும் சொல்தான் முடிவு செய்கிறது.

எதிர்முனையில் ஹைப்பர்ஃபான்டேசியா இருக்கிறது: நேரில் பார்ப்பதற்கு இணையான தெளிவோடு காட்சி எழும் நிலை. ‘மிகைமனக்காட்சி’ என்று எழுதிப் பார்த்தேன், ஏதோ அளவுமீறிப் போனதுபோல் தொனிக்கிறது. ‘தெளிமனக்காட்சி’ சரியாக வருமா? மனத்தில் அப்படிக் காண்பவர் யாராவது இங்கே இருந்தால், அவர் வாயால் கேட்க விரும்புகிறேன்.

அன்புடன்.